தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?

சித்த அக்கட்டால நகருங்க சார். ஆங், போதுமுங்க. முன்னால சீட்டு காலியாத்தான் கெடக்குது, நான் வேணும்னுட்டேதான் இங்க வந்தேன். அந்தப் பொம்பளை உங்க பக்கத்துல உக்கார வந்துட்டு, உங்க முழங்கையப் பாத்ததும் கொழந்தையத் தூக்கிட்டு முன்னால போச்சு பாருங்க, அதைப் பாத்துட்டுத்தான் வந்தேன். எனக்குப் பொக்குனு போச்சுங்க. சட்டைய எறக்கி உடாதீங்க. என்றகிட்ட எதுக்கு மறைக்கறீங்க? அது ஒட்டுற சீக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். சோரியாசிஸ்தானுங்களே? ஓரமெல்லாம் செவந்து, நடுவுல வெள்ளையா செதில் செதிலா உதிரும். என்ற சம்சாரத்துக்கும் அதேதான். தலையில, பொடனியில, ரெண்டு முழங்கையில, அப்பறம் முதுகு பூராவும்.

எங்கீங்க எறங்கறீங்க? தாராபுரமா. நான் அதுக்கும் மேல, மூலனூருங்க. மாமனார் ஊரு. சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன். இன்னைக்கு அவ வந்தாத்தான் உண்டு. இல்லைன்னா அவியப்பன் முறிச்சுக்கலாம்னு நிக்கறாரு, வக்கீலு வரைக்கும் போயாச்சாம். அதனால எப்படியும் பேசிக் கூட்டிட்டு வந்தாகோணும். பேசறதுக்கு நமக்கென்னங்க, என்ற பொழப்பே பேச்சுதான்.

மாட்டுத் தரகுங்க. காங்கயம் பக்கத்துல எந்தச் சந்தையிலயும் சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா காட்டுவாங்க. விக்கறவனும் பேச மாட்டான், வாங்கறவனும் பேச மாட்டான், நடுவுல நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவேன். வெலை மட்டும் பேச்சில்லை. அது துண்டுக்குள்ள. பாத்திருப்பீங்களே, தோள்ல கெடக்கற துண்டை எடுத்து ரெண்டு கையும் மூடிக்குவோம். உள்ள விரலைப் புடிச்சுத்தான் வெலை. ஒரு விரலுன்னா ஒரு கணக்கு, ரெண்டு விரலுன்னா ஒரு கணக்கு. தட்டி உட்டா கட்டாதுன்னு அர்த்தம். விக்கறவன் நம்ம விரலைக் கெட்டியாப் புடிச்சுட்டு உடவே இல்லைன்னா, என்ன வெலை வந்தாலும் குடுக்கலை, இது எனக்கே இருக்கட்டும்னு அர்த்தம். அப்பறம் நாம பேசாம கையை எடுத்துட்டு அடுத்த மாட்டுக்குப் போயிறோணும். இத்தனை வருசத்துல நான் ஒரு விரலைத் தப்பாப் படிச்சதில்லைங்க. அதுதான் என்ற தொழில்.

அவ பேரு கோகிலவாணி. பேரைப் பாத்தா குயிலாட்டம் பேசும்னு நெனைப்பீங்க. வாயே தொறக்க மாட்டா. பொண்ணு பாக்கப் போனப்ப நான்தான் பேசிட்டு இருந்தேன். கண்ணாலத்துலயும் நான்தான் பேசிட்டு இருந்தேன். சித்திரை வெயிலு, மண்டபத்துல ஃபேன் கூட ஒழுங்கா ஓடலை, மணிக்கட்டு வரைக்கும் கைவெச்ச ஜாக்கெட்டு போட்டுட்டு நின்னா. அப்பவே எனக்கு வெளங்கியிருக்கோணும். மாட்டைச் சந்தைக்குக் கொண்டு வர்றவன், உடம்புல பழுதிருந்தா அந்த எடத்துல மஞ்சளைப் பூசிக் கொண்டாருவான். நாங்க மொதல்ல மஞ்சளைத்தான் தொடைச்சுப் பாப்போம். என்றகிட்டயே அந்த வேலையக் காட்டிட்டாரு மாமனாரு.

கண்ணாலத்துக்கு மறுநா வெடியால எனக்கு எல்லாந் தெரிஞ்சு போச்சு, நான் நெனைச்சிருந்தா அன்னைக்கே திருப்பி உட்டிருக்கலாம். எங்கம்மா உடுன்னு சொன்னாங்க. நான் உடலை சார். அவ கட்டில் கால்ட்ட உக்காந்துட்டு, படுக்கை விரிப்புல உதுந்த செதிலையெல்லாம் கையில கூட்டிக் கூட்டி முந்தானையில போட்டுட்டு இருந்தா. நான் எந்திரிக்கறதுக்குள்ள சுத்தம் பண்ணிரோணும்னு. அதைப் பாத்ததுக்கப்பறம் எனக்கு எங்கிருந்து கோவம் வரும்? சேரி போ, நம்ம தலையில எழுதுனது இதுன்னு வெச்சுக்கிட்டேன். வைத்தியம் பாத்துக்கலாம்னு சொன்னேன். அவ எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க.

ஆனா ஒண்ணு. நான் அவளுக்குச் சந்தை விரல் பேச்சு அத்தனையும் சொல்லிக் குடுத்தேன். கண்ணாலமான புதுசுல சும்மா வெளையாட்டுக்கு. சொந்தம் ஒறம்பரை வீட்டுல விசேசத்துக்குப் போனா, பந்தியில பக்கத்துல உக்காந்துக்குவோம். துண்டை மேல போட்டுட்டு உள்ள கையக் குடுத்தா, ஒரு விரலைப் புடிச்சா போலாம்னு அர்த்தம், ரெண்டு விரலுன்னா சித்த இருக்கலாம்னு. தட்டி உட்டா அந்த ஆளோட பேச்சு புடிக்கலைன்னு. அவ சிரிச்சு நான் பாத்ததெல்லாம் அந்தத் துண்டு மேல கெடக்கறப்பத்தான். எங்கக்கா கூடக் கேட்டா, என்னடா ரெண்டு பேரும் மாட்டு யாவாரம் பண்றீங்களான்னு.

கொழந்தை நிக்கலைங்க. வருசம் போயிட்டே இருந்துச்சு. எங்கம்மா சீக்குப் புடிச்ச ஒடம்புல எப்படி நிக்கும்னு வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. அப்படி இல்லைங்க, சீக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டருக சொன்னாங்க. ஆனாலும் எனக்கு, மொதல்ல இதைச் சரி பண்ணிட்டா மனசு தெளிவாகும், அப்பறம் அதுவும் தானா வரும்னு ஒரு நெனைப்பு. வெட்பாலை எண்ணெய் பூசி வெயில்ல உக்கார வெச்சேன். பத்தியம் வெச்சேன். ஊர் ஊரா கூட்டிட்டுப் போனேன். எங்க போனாலும் அவளுக்குப் பதிலா நான்தான் சொல்லுவேன். எப்ப அரிக்குது, எங்க எரியுது, என்ன சாப்பிட்டா எச்சாகுது, எல்லாம் எனக்கு அத்துபடி. ஒரு வைத்தியரு சிரிச்சுட்டே கேட்டாரு, சீக்கு உங்களுக்கா அவங்களுக்கான்னு.

போன வைகாசியில டவுனுல ஒரு ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம் உடுங்க. அங்க தோல் டாக்டரம்மா நல்லாப் பாக்கறாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். அங்கதாஞ் சார் என்ற குடி கெட்டுது. டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னால ஒரு நர்சுப் புள்ளை எல்லாரையும் கேட்டு எழுதிக்கும். சின்னப் புள்ளை, முகம் நிமுந்து கூடப் பாக்கலை. பேரு என்ன, வயசு என்ன, சக்கரை இருக்குதா, பிரஷர் இருக்குதா. எல்லாத்துக்கும் நான் பட்டு பட்டுனு சொன்னேன். அப்பறம் கேட்டுது, தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு.

நீங்களே சொல்லுங்க சார். அவளுக்குத் தலை பூரா சோரியாசிஸ். தலைக்குன்னு ஒரு ஷாம்பு குடுத்திருந்தாங்க, தார் ரோடு போடறப்ப வருமே அந்த வாசமடிக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவ போட்டுக் குளிக்கோணும். அதை நான்தான் ஞாவகப்படுத்திக் குளிக்க வெப்பேன். தோல் டாக்டர்கிட்ட வந்து உக்காந்திருக்கறவங்களைப் பாத்துத் தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேட்டா நான் என்னன்னு நெனைப்பேன்? நேத்துத்தானுங்க, நல்லாத் தேச்சுக் குளிச்சான்னு சொன்னேன். அந்தப் புள்ளையும் சேரின்னு எழுதிக்கிட்டுது.

கோகிலா என்ற சட்டையப் புடிச்சு இழுத்தா. சோத்துக்கைப் பக்கம், இங்க. ரெண்டு தடவ இழுத்தா. அரிப்பு வந்தா அவ அப்படித்தான் எதையாச்சும் புடிச்சுக்குவா. சித்தப் பொறுத்துக்கன்னு சொன்னேன்.

உள்ள போனா டாக்டரம்மா நல்ல மாதிரிங்க. கொறை சொல்லக் கூடாது. முதுகெல்லாம் பாத்துட்டு, பழைய மருந்தையெல்லாம் நிறுத்தி, ஒரு ட்யூப் எழுதுனாங்க. ரெட்டினாய்டுன்னு பேரு. வைட்டமின் ஏ இருக்குதுல்ல, அந்த வகைன்னாங்க. படுக்கறப்ப, தடிப்பு இருக்கற எடத்துல மட்டும், மெல்லிசா, பட்டாணி அளவு எடுத்துத் தடவோணும். நல்ல தோலுல படக்கூடாது. மொதல்ல எரியும், செவக்கும், எச்சா ஆன மாதிரி இருக்கும், பயப்படாதீங்கன்னாங்க. இதெல்லாம் சொல்லிட்டு இங்கிலீசு கலந்து என்னமோ சொன்னாங்க, கன்சீவ் ஆகக்கூடாது, அதைப் பாத்துக்கோணும்னு. நான் எல்லாந் தெரியுமுங்க மேடம், நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில ஆயிரஞ் சொல்லுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் நின்னு வெளக்கங் கேட்டுட்டு இருந்தா பின்னால இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா?

வைட்டமின்னு ஒரு வார்த்தை சொன்னாங்களே, அதுல எனக்குத் தெம்பு வந்துருச்சு. வைட்டமின்னா சத்துதானே சார்? மாட்டுக்கு வைட்டமின் டானிக்கு ஊத்தறப்ப நாங்க மூடியில அளந்தா ஊத்தறோம்? பட்டாணி அளவு எந்த மூலைக்குப் பத்தும்? அவ முதுகு எவ்வளவு அகலம்? அவளுக்குக் கை எட்டாது, நான்தான் பூசி உடுவேன். நல்லா எச்சாவே பூசி, மருந்து துணியில ஒட்டி வீணாகக் கூடாதுன்னு, அதுக்கு மேல பிளாஸ்டிக் பேப்பரைச் சுத்தி உட்டேன். சோத்துப் பொட்டணம் கட்டற பேப்பரு. அது என்ற சொந்த யோசனை. எரியுதுங்கன்னு சொன்னா. எரிஞ்சாத்தாங் கண்ணு, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு சொன்னேன். டாக்டரே எரியும்னுதானே சொன்னாங்க. ரெண்டு மூணு தடவ, இதை நிறுத்திரலாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு ஆரம்பிச்சா. எரிச்சலுக்குப் பயந்துட்டுச் சொல்றான்னு நான் அதட்டி உட்டுட்டேன். கொழந்தைக மருந்து குடிக்க அழுதா உட்டுருவோமா?

மருந்து கேட்டுதுங்க சார்! அதைச் சொல்லாம இருந்தா பாவம். மொதல்ல ரத்தமாச் செவந்து, வெடிச்சு, ஒரு ரெண்டு வாரம் முதுகை எதுலயும் சாய்க்க முடியலை. அப்பறம் மெதுவா அமுங்க ஆரம்பிச்சுது. கையால தடவுனா முன்னெல்லாம் சொரசொரன்னு இருக்கும், இப்ப வழுவழுன்னு. எனக்கு ஆனந்தத்துல கண்ணு கலங்கிருச்சு. ஆடி நோம்பிக்கு அவளுக்கு நானே துணி எடுத்து, பாதிக் கை வெச்ச ஜாக்கெட்டு தெக்கச் சொன்னேன். கண்ணாலமாகி அப்பத்தான் அவ முழங்கை வெளிய தெரிய கோயிலுக்கு வந்தா. நான் பெருமையா எல்லார்கிட்டயும், கையக் காட்டு, கையக் காட்டுன்னு சொன்னேன். அவளும் காட்டுனா.

கோயில்லயே வாந்தி எடுத்தா. எங்கக்காதான் பக்கத்துல போய் என்னமோ கேட்டுட்டு வந்து, டேய், உம்பொண்டாட்டி முழுகாம இருக்கறாடான்னு சொன்னா. மூணு மாசத்துக்குப் பக்கமாம்!

சார், நான் ஒரு மாட்டைத் தூரத்துல இருந்து பாத்தே சினையா இல்லையான்னு சொல்லிருவேன். நடை ஒண்ணு போதும். எத்தனை மாசம்னு கூடச் சொல்லுவேன், டாக்டரு கையை உட்டுப் பாத்துட்டு அதையேதான் சொல்லுவாரு. எனக்குத் தெரியலை பாருங்க. ஏண்டி சொல்லலைன்னு கேட்டேன். என்னையே பாத்துட்டு நின்னா. அவளுக்குச் சொல்லத் தெரியலை, வெக்கம். அன்னைக்கு நான் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. சாமி சன்னிதியில கீழ உழுந்து கும்புட்டேன். எங்கம்மா கூட அவளைத் தொட்டு நெத்தி வழிச்சாங்க. அதுக்கு முன்னால அவளை எங்கம்மா தொட்டதே இல்லைங்க.

அடுத்த வாரமே லேடி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா, தோலுக்கு மருந்து ஏதாச்சும் போடறயாம்மான்னு அவகிட்டக் கேட்டாங்க. நான் பையில இருந்து ட்யூபை எடுத்து மேசையில வெச்சேன். எப்படிப் பூசுனேன், பிளாஸ்டிக் பேப்பர் சுத்துனது, எல்லாஞ் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா ட்யூபைத் திருப்பிப் படிச்சுட்டு மூஞ்சி மாறிட்டாங்க. இதை எழுதறதுக்கு முன்னால நாள் தள்ளிப் போயிருக்குதான்னு கேக்கலையான்னாங்க. கேக்கவே இல்லீங்க மேடம், தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு மட்டுந்தான் கேட்டாங்க, நேத்துத்தான்னு சொன்னேன்னு சொன்னேன்.

டாக்டரம்மா என்னையப் பாத்தாங்க, அப்பறம் அவளைப் பாத்தாங்க. அவ தலையக் குனிஞ்சுட்டா. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, அந்த நர்சு எந்தக் குளியலைக் கேட்டுதுன்னு. பொம்பளைக மாசாமாசம் குளிக்கற குளியலு. அன்னைக்கே அவளுக்கு நாள் தள்ளித்தான் இருந்திருக்குது.

இதுதாஞ் சார் என்ற வயித்தெரிச்சல். இன்னைக்கும் அந்த நர்சுப் புள்ளை எதுக்க வந்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுருவேன். முழுகாம இருக்கறாளான்னு கேட்டிருந்தா புரிஞ்சிருக்கும். மாசம் ஆயிருக்குதான்னு கேட்டிருந்தாலும் புரிஞ்சிருக்கும். தலையில சீக்கு இருக்கறவகிட்ட வந்து தலைக்குக் குளிச்சயான்னு கேட்டா? அதுவும் அவகிட்ட நேராக் கேக்கறதில்லையா? இல்லைங்க, அது அவகிட்டத்தான் கேட்டுது, ஆனா பதிலு சொல்றது நான்னு தெரியுதில்ல, அப்ப எனக்குப் புரியற மாதிரிக் கேக்கோணுமில்ல?

சேரி உடுங்க. அந்த லேடி டாக்டரம்மா உடனே மருந்தை நிறுத்தச் சொன்னாங்க. பயப்படாதீங்க, பூசற மருந்து ஒடம்புக்குள்ள கம்மியாத்தான் போகும், இது தெரியாமப் பூசுனவங்களுக்கு நல்லபடியாப் பொறந்ததும் இருக்குது, ஆனா நீங்க பூசுனது எச்சு, பேப்பர் வேற சுத்தியிருக்கறீங்க, அதனால ஒண்ணுமே ஆகாதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது, ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு யோசிக்கலாம், அவசரப்படாதீங்கன்னாங்க.

நீங்க இந்தப் பேச்சை எப்படி எடுத்துக்குவீங்களோ தெரியாது. நான் தரகன். ஒருத்தன் மாட்டைக் கொண்டாந்து நிறுத்திட்டு, பழுதில்லைன்னு உறுதி சொல்ல முடியாதுங்கன்னு சொல்றான்னா என்ன அர்த்தம்? பழுதுன்னு அர்த்தம். நல்ல மாடுன்னா எவனாச்சும் இழுத்துப் பேசுவானா? டாக்டருக மூஞ்சிக்கு நேராச் சொல்ல மாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கோணும். ஸ்கேன் எடுத்தாங்க. இது வரைக்கும் கொறை ஒண்ணும் தெரியலைன்னாங்க. தெரியலைன்னா இல்லைன்னு ஆயிருமா சார்? நான் எத்தனை கன்னுகளைப் பாத்திருக்கறேன். காலு மடங்கி, கண்ணு தெரியாம, எந்திரிக்க முடியாமக் கெடக்கும், தாய் மாடு நக்கிட்டே நிக்கும். அதைப் பாக்க முடியாதுங்க. அவளுக்கு அந்த நெலைமை வேண்டாம்னு நெனைச்சேன். அவளுக்காகத்தான் நெனைச்சேன்.

டாக்டரம்மா அவகிட்டக் கேட்டாங்க, நீ சொல்லும்மா, உனக்கு என்ன தோணுதுன்னு. அவளுக்குப் பேச வராதுங்க மேடம்னு சொன்னேன். அப்ப கோகிலா ஒரு காரியம் பண்ணுனா. என்ற தோள்ல கெடந்த துண்டை உருவி, மடியில ரெண்டு பேரு கையும் மூடற மாதிரிப் போட்டா. டாக்டர் ரூம்ல! எனக்கு அந்த நெலைமையிலயும் சிரிப்பு வந்துருச்சு. உள்ள என்ற விரலைப் புடிச்சா. ஒரே விரலு, இந்த ஆள்காட்டி விரலு. புடிச்சவ உடலை. நான் கையை உருவிப் பாத்தேன், உடலை. நகம் எறங்கிருச்சு சார், இந்தா பாருங்க, வடு இன்னுந் தெரியுது.

பயந்துட்டா பாவம். பயத்துல மனுசன் கெடைச்சதைப் புடிச்சுக்குவான். நான் அவ கையைத் தட்டிக் குடுத்து, ஒண்ணும் பயப்படாதேன்னு சொல்லிட்டு, டாக்டரம்மாகிட்ட, அவளுக்கும் சம்மதந்தானுங்க, எடுத்துருங்கன்னு சொன்னேன்.

அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க. இந்தப் பொண்ணு வாயால சொல்லாம நான் செய்ய மாட்டேன், நீங்க சித்த வெளிய இருங்கன்னாங்க. நான் எப்படிங்க வெளிய போவேன்? தனியா உட்டா அவ இன்னும் பயந்துக்குவாள்ல? வாம்மா போலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன். அப்பறம் வேற ஒரு எடம். அங்க அத்தனை கேள்வி கேக்கலை. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, பேனாவை நான்தான் மூடி தொறந்து குடுத்தேன், போட்டா.

எல்லாம் முடிஞ்சு அங்க இருந்த நர்சம்மாகிட்ட நான் கேட்டேன், கொறை இருந்துச்சாங்கன்னு. அதெல்லாம் இந்த மாசத்துல பாத்துச் சொல்ல முடியாதுங்கன்னுட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு அந்த ஒரு பதிலு வேணும் சார். கொறை இருந்துச்சுன்னு ஆராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னைக்கு நிம்மதியாச் சோறு திம்பேன். ஆம்பளைப் புள்ளையா பொட்டப் புள்ளையான்னு கூட நான் கேக்கலை. கொறை இருந்துச்சா இல்லையான்னு மட்டுந்தான். இருந்திருக்கும். இருந்துதான் இருக்கோணும்.

வரும்போது பஸ்ஸுல அவ அழுகலை. வீட்டுக்கு வந்ததும் நேராப் போய் தலைக்குக் குளிச்சா. ஈரத்தலையோட வந்து என்ற முன்னால நின்னா. இன்னைக்குத்தான் தலைக்குக் குளிச்சிருக்கறேன், ஆராச்சும் கேட்டா சரியாச் சொல்லிருங்கன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை. இதை இப்ப ஆரு கேக்கப் போறாங்க? சேரி கண்ணு, சொல்லிடறேன்னு சொன்னேன். அவ என்றகிட்டப் பேசுன பெரிய பேச்சே அதுதான்னு வெச்சுக்கங்களேன்.

அதுக்கப்பறம் சோரியாசிஸ் திரும்ப வந்துருச்சு. வந்துச்சுன்னா முன்ன மாதிரி இல்லை, வயிறு, தொடை, மூஞ்சி வரைக்கும். அந்த ட்யூபு பாதி மிச்சமிருக்குது, இனி ஒண்ணும் பயமில்லையே, பூசி உடறேன் வான்னேன். தொட உடலைங்க. என்ற கை பக்கத்துல போனாலே செவுத்தோட ஒட்டிக்குவா. ஐப்பசியில, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு போனவ வரலை. நான் எத்தனை தடவ போன் பண்ணியிருக்கறேன் தெரியுமா? அவளுக்கு எல்லாஞ் சொன்னேன். இன்னொண்ணு பெத்துக்கலாம்னு சொன்னேன். எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன். அவ கேட்டுட்டே இருந்துட்டு வெச்சிருவா.

இதுல இன்னொரு கூத்தைக் கேளுங்க. எங்கூட்டாளி ஒருத்தன் மூலனூர்ச் சந்தைக்கு மாடு கொண்டு போனான். அங்க அவளைப் பாத்திருக்கறான். பாதிக் கை ஜாக்கெட்டாம், கையெல்லாம் செதிலாம், மறைக்கவே இல்லையாம். காய் விக்கற பொம்பளைகிட்ட நின்னு பேசிட்டு இருந்தாளாம். சும்மா இல்லை, கையை ஆட்டி ஆட்டி, சத்தமா, சிரிச்சுட்டுப் பேசுனாளாம். அது வேற ஆராச்சுமா இருக்கும்டான்னேன். இல்லைடா உம்பொண்டாட்டிதான்னு சத்தியம் பண்றான். எனக்கு அது நம்பிக்கை இல்லைங்க. அவளுக்குப் பேச வராது.

இருங்க சார், போனு. அட, அவதான்! பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? அவளா ஒரு தடவ கூப்புட்டதில்லை, இன்னைக்குக் கூப்புடறா பாருங்க. ஹலோ, கோகிலா? ஆமாங் கண்ணு, பஸ்ஸுலதான். தாராபுரம் வரப் போகுது. உங்கப்பன் இருக்கறாரா? இருக்கட்டும், நான் பேசிக்கறேன். துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிரு, சாயங்கால வண்டிக்குத் திரும்பிரலாம். என்னது? இல்லை, கேக்கலை, இங்க சத்தமா இருக்குது. என்ன? சேரி, சேரி, எல்லாம் வந்து பேசிக்கலாம். வெய்யி.

என்ன சொன்னாளா? அது ஒண்ணுமில்லைங்க. வராதீங்கன்னா. வெயிலு இல்லீங்களா. பங்குனி வெயிலு மண்டையப் பொளக்குது. இந்த நேரத்துல பஸ்ஸு ஏறி வராதீங்கன்னு சொல்றா. அவ மனசு அப்படி. எனக்குத் தெரியாதா அவ பேச்சு? அரை வார்த்தை சொன்னா மிச்சத்தை நான் சொல்லிருவேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? மறுக்கா மறுக்கா அதையேதான் சொன்னா. வராதீங்க, வராதீங்கன்னு. சத்தமாத்தான் சொன்னா. பக்கத்துல ஆரோ இருந்திருப்பாங்க, அதுதான் சத்தமா. வெயிலுக்குத்தாஞ் சார். இல்லைன்னா வேற எதுக்கு அப்படிச் சொல்லப் போறா?

தாராபுரம் வந்துருச்சு. எந்திரிங்க, பையை நான் எடுத்துத் தர்றேன். இந்த ட்யூபு வேணும்னா வெச்சுக்கங்க, பாதி இருக்குது, அவ இனிப் பூச மாட்டா. வேண்டாமா? சேரி. அப்பப் புடிச்சு என்னமோ சொல்ல வாயைத் தொறந்தீங்க, நான்தான் உடலை. இப்பச் சொல்லுங்க. சித்த நின்னு சொல்லிட்டுப் போங்க, கண்டக்டரு பொறுத்துக்குவாரு. வெயிலுக்குத்தானுங்களே சொல்லியிருப்பா? சார்? என்னங்க சார், ஒண்ணுமே சொல்லாம எறங்கறீங்க?